ஏழடிப்பட்டத்துக்குப் போகாமல் திரும்பிய நாள்

சுற்றுலா வழிகாட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். முதலில் உங்கள் ஆள்காட்டி விரலை மடக்கி வைத்துக்கொள்ளப் பழகுங்கள். நாம் எங்கே விரலை நீட்டுகிறோமோ, அங்கேதான் கூட்டம் முழுவதும் திரும்பும். கோயில் மண்டபத்தில் நீட்டினால் நாலு பேருக்குக் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான். மலை விளிம்பில் நின்று நீட்டினால், பார்த்துக்கொண்டே ஒருவர் காலையும் எடுத்து வைத்துவிடுவார்.

எந்த ராஜா, எந்த நூற்றாண்டு என்பதை எல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதைப் பயிற்சியிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பீர்கள். மறந்துபோனாலும் கவலை இல்லை, வருகிறவர்களே கைபேசியில் பார்த்து நம்மைத் திருத்துவார்கள். நடுவழியில் ஓர் ஆள் அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் எந்தக் கைபேசியும் சொல்வதில்லை. அரிமளத்துக்காரியான நான் முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி நினைவுக்கு வருவது சித்தன்னவாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மழைக்காலம் முடிகிற சமயம். வானம் மேகமாக இருந்தது. வேனில் ஆறு பேர். தஞ்சாவூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் அவர் மனைவியும் இரண்டு பேர். மற்ற நால்வரும் அறந்தாங்கிக் குடும்பம்: வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்த சேகர், அவர் மனைவி செல்வி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் தர்ஷினி, செல்வியின் அண்ணன் குமார். அறந்தாங்கிக் கடைத்தெருவில் குமாருக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. சேகருக்கு மச்சான் முறை. அந்த உறவுக்குரிய கேலி, கிண்டல் எல்லாவற்றையும் வேன் கிளம்பும் முன்பே தொடங்கியிருந்தார்.

புதியவர்களின் வாயைக் கிளறுவது என் வழக்கம். யார் எப்படிப்பட்டவர், யாருக்கு மூச்சு வாங்கும், யார் முந்திக்கொண்டு ஓடுவார் என்பதெல்லாம் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும்.

"சாருக்கு வெளிநாட்டுல என்ன வேலைங்க?" என்று சேகரைக் கேட்டேன்.

மகள் முந்திக்கொண்டாள். "எங்கப்பா அம்பது மாடி பில்டிங்குக்கு வெளிப்பக்கமா நின்னு வேலை பாப்பாங்க ஆன்ட்டி. மேகமெல்லாம் அவங்க காலுக்குக் கீழதான் போகுமாம்."

"சாரம் கட்டுற வேலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாப்ளைக்கு இந்த மலையெல்லாம் எம்மாத்திரம்? நமக்குத்தான் நாக்குத் தள்ளப்போவுது" என்றார் குமார். "நல்லா பாத்துக்கங்க மேடம். வர்ற வெள்ளிக்கிழமை பிளைட்டு. மறுபடியும் மேகத்துக்கு மேல ஏறிருவாரு."

மகள் சிரித்தாள். செல்வியும் சிரித்தார். சேகர் சிரித்த மாதிரி இருந்தது. அவருக்குக் கூச்ச சுபாவம் என்று எழுதி வைத்துக்கொண்டேன், மனதுக்குள்தான்.

ஏழடிப்பட்டம் உங்களுக்குத் தெரியும். படியேறி மலை முகட்டைத் தாண்டி, அந்தப் பக்கச் சரிவில் பாறையை ஒட்டி இறங்க வேண்டும். ஒரு கை பாறையில், மறு கை இரும்புக் கம்பியில். கம்பிக்கு அப்பால் ஒன்றும் கிடையாது, கீழே வயலும் பனைமரமும்தான். அப்படிப் போனால் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் வரும். நடக்க முடியாத பாதை என்று சொல்ல மாட்டேன். தினமும் எத்தனையோ பேர் போய் வருகிறார்கள். அந்த இடத்தில் நான் எப்போதும் கடைசியில்தான் நடப்பேன். முன்னால் போகிற வழிகாட்டிக்குப் பாதை மட்டும்தான் தெரியும். கடைசியில் போனால் எல்லோருடைய முதுகும் தெரியும். பயம் முகத்துக்கு வருவதற்கு முன்னால் முதுகுக்கு வந்துவிடும்.

அன்றைக்கும் கடைசியில்தான் இருந்தேன். எனக்கு முன்னால் சேகர். முகட்டைத் தாண்டியதிலிருந்தே அவர் கால்மாட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். தோள்கள் இறுகியிருந்தன. கவனமாக நடக்கிற ஆள் என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் மகள், செல்வி, பிறகு வங்கித் தம்பதி. எல்லோருக்கும் முன்னால் குமார், கையில் கைபேசியோடு.

பாதி வழியில் குமார் நின்று திரும்பினார். கையை நீட்டி, "அங்கிட்டுப் பாருங்க மாப்ள, ஒங்க துபாய் தெரியுது!" என்றார்.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். சேகரும் திரும்பினார். நேராகக் கீழே பார்த்துவிட்டார்.

அவ்வளவுதான். மனிதர் நின்றுவிட்டார். இடது கை கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. வலது கை இடுப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. பெல்ட்டைத் தடவும், விடும், மறுபடி தடவும். கைபேசியைத் தேடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது. உயரத்தில் வேலை பார்ப்பவர்கள் இடுப்பு வாரில் ஒரு கொக்கியைத் தொங்கவிட்டு, அதைக் கம்பியில் மாட்டிக்கொண்டுதான் அடுத்த அடி வைப்பார்கள். அந்தக் கொக்கியை அந்தக் கை தேடிக்கொண்டிருந்தது.

"அப்பா, வாங்கப்பா" என்றாள் மகள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. எதிர்ப்பக்கமிருந்து கல்லூரிப் பையன்கள் ஒரு கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். குமார் சிரித்துக்கொண்டே கைபேசியைத் தூக்கிவிட்டார், மாப்பிள்ளையை வீடியோ எடுக்க.

இந்த இடத்தில் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியம் உண்டு. "பயப்படாதீங்க சார், ஒண்ணும் ஆகாது, கையப் புடிச்சுக்கிட்டு வாங்க" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சொன்ன அந்த நொடியே, அந்த ஆள் பயந்துவிட்டார் என்று ஊருக்கே தமுக்கடித்தது போல ஆகிவிடும். மேகம் காலுக்குக் கீழே போகும் என்று நம்புகிற பெண் குழந்தை இரண்டடி தள்ளி நிற்கிறாள். மச்சான் கையில் கேமரா. அந்த மனிதருக்கு அந்தக் கம்பியை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியிருக்கும்.

நான் சேகரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எல்லாரும் இருக்குற எடத்துலயே பாறைல சாஞ்சு உக்காருங்க. இங்க ஒரு கதை இருக்கு. நடந்துக்கிட்டே சொன்னா நல்லா இருக்காது" என்றேன்.

ஒருவர் நின்றுவிட்டால் அனைவரையும் நிறுத்திவிடுங்கள். அப்போது யார் முதலில் நின்றது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது குமார். கைபேசியை உள்ளே வையுங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அதனால் அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். "குமார் சார், அந்தக் காலேஜ் பசங்களக் கொஞ்சம் அங்கிட்டே நிப்பாட்டி வைங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. ஒங்கள மாதிரி ஆளு சொன்னாத்தான் கேப்பாங்க."

கிண்டல் செய்கிறவர்கள் பொதுவாக வேலை கொடுத்தால் நன்றாகச் செய்வார்கள். கைபேசி சட்டைப்பைக்குள் போனது. "தம்பி, ஏ தம்பி, அங்கிட்டே நில்லுங்கப்பா, கைடு மேடம் பேசிக்கிட்டிருக்காங்கல்ல?" என்று போக்குவரத்துக் காவலரைப் போலக் கையை நீட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே நான் வழக்கமாகச் சொல்லும் கதை, அந்தப் படுக்கைகளில் முனிவர்கள் உண்ணாமல் கிடந்து உயிரை விட்ட கதை. அன்றைக்கு அதை எடுக்கவில்லை. கல்லிலேயே தலையணை செதுக்கி வைத்திருப்பதைச் சொன்னேன். "அந்தக் காலத்துலயும் கழுத்து வலி இருந்திருக்கு பாருங்க" என்றேன். வங்கி அதிகாரியின் மனைவி சிரித்துவிட்டார். தண்ணீருக்கு எங்கே போனார்கள், சோறு யார் கொண்டுவந்தது, மழை பெய்தால் எங்கே ஒதுங்கினார்கள் என்று, தெரிந்ததையும் ஊகித்ததையும் கலந்து அளந்தேன். இழுத்து இழுத்துப் பேசினேன். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். சேகர் முதலில் முழங்காலை மடக்கினார். பிறகு முதுகைப் பாறையில் பதித்து மெல்லக் கீழே நழுவி உட்கார்ந்தார். இடுப்பில் இருந்த கை தரைக்கு வந்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

இனி என்ன செய்வது? இன்னும் கொஞ்ச தூரம் போனால் படுக்கைகள். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்கள். சேகரை இங்கேயே உட்காரவைத்துவிட்டு மற்றவர்களை அழைத்துப் போகலாம். ஆனால் தனியாக உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் காரணம் வேண்டும். மகள் கேட்பாள், மச்சான் விடமாட்டார். அதைவிடப் பெரிய விஷயம், அவரைத் தனியாக விட எனக்கே தைரியம் இல்லை.

"பாறை சூடேறிருச்சுங்க. நான் நேரத்தத் தப்ப விட்டுட்டேன். இதுக்கு மேல போக வேணாம், திரும்பிருவோம்" என்றேன்.

வங்கி அதிகாரி பாறையில் கையை வைத்துப் பார்த்தார். "எங்க மேடம் சூடு? ஜில்லுன்னுல்ல இருக்கு."

"இப்ப ஜில்லுன்னுதான் இருக்கும் சார்."

"வெயிலே இல்லையே!"

"வந்துரும் சார்."

"படுக்கையப் பாக்காமப் போறதுக்கா தஞ்சாவூர்லேருந்து வந்தோம்? நெட்ல எழுதிப்புடுவேன் மேடம்" என்றார். தாராளமாக எழுதுங்கள் என்றேன். குமாரும் அங்கிருந்து, "என்ன மேடம், பாதி சினிமாவுல எழுப்பி விடுறீங்க?" என்று கத்தினார். எல்லாக் கோபமும் என் மேல் வந்து விழுந்தது. விழட்டும். கூட்டத்தின் எரிச்சலை வாங்கிக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் நமக்குச் சம்பளம்.

திரும்பும்போது கடைசி ஆள் முதல் ஆள் ஆகிவிடுவார். ஆகவே நான் முன்னால், எனக்கு அடுத்துச் சேகர். "என் செருப்ப மட்டும் பாத்துக்கிட்டு வாங்க" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். குழந்தை நடப்பது போல நடந்தேன். முகட்டின் சமதரைக்கு வந்ததும் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள்.

அவராகவே பேசினார். "சாரத்துல என் பக்கத்துல நின்ன பையன் போயிட்டான் மேடம். பேசிக்கிட்டே இருந்தான். திரும்பிப் பாக்குறேன், ஆளக் காணோம்." "அதுலேருந்து எனக்குக் காலு நிக்க மாட்டேங்குது. ஊருக்கு வந்தா சரியாயிரும்னு லீவு கேட்டு வந்தேன். சரியாகல. வெள்ளிக்கிழமை போயி ஏறித்தான் ஆகணும்."

"வீட்டுல தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினார்.

"என்கிட்டச் சொல்லி என்னங்க பிரயோசனம்? சொல்ல வேண்டியவங்க பின்னால வாராங்க."

"எங்க வச்சுங்க சொல்றது?" என்றார். "வந்த நாளையிலேருந்து வீடு நெறய ஆளு. சித்தப்பா, பெரியப்பா, விசா கேட்டு வர்றவங்க, சென்ட்டு பாட்டில் கேட்டு வர்றவங்க. ராத்திரி வரைக்கும் பேச்சுதான். பாப்பா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் படுப்பா. இன்னைக்கு மூணு பேரா வெளிய போவோம்னு கெளம்பினோம், மச்சான் நானும் வாரேன்னுட்டாரு."

உங்களில் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் இது புரியும். வளைகுடாவிலிருந்து வந்த ஆள் விடுப்பு முடியும் வரை ஊருக்குச் சொந்தம். மனைவியிடம் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால், திரும்பிப் போய் அங்கிருந்து போன் செய்தால்தான் உண்டு.

செல்வியிடம் நானே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது என்னுடைய சொத்து இல்லை. காலையில் சந்தித்து மாலையில் பிரியப்போகிற ஒருத்தி தூக்கிக் கொடுக்கிற செய்தியாக அது அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேரக் கூடாது. ஆனால் இடம் ஒன்று பிடித்துக் கொடுக்கலாம். இடம் காட்டுவதுதானே நம் வேலை.

கீழே இறங்கி, அறிவர் கோயிலுக்குப் போனோம். மேல் கூரையில் தாமரைக் குளம் தீட்டிய குடைவரை. சின்ன முன்மண்டபம், அதற்குள் குள்ளமான வாசல் வைத்த கருவறை. உள்ளே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று நீட்டினால் அறை முழுவதும் அதிரும். உள்ளே நாலைந்து பேர் தாராளமாகப் போகலாம். எப்போதும் அப்படித்தான் அழைத்துப் போவேன்.

"உள்ள எடம் பத்தாது, ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும்" என்றேன். "மொதல்ல வெள்ளிக்கிழமை கெளம்பப் போறவரும் அவங்க வீட்டம்மாவும் போகட்டும்."

கதவைத் திறந்துவிட்ட காவலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். பல வருடப் பழக்கம். நானும் அவரைப் பார்த்தேன். "ஆமாமா, ரெண்டு பேருதான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வாசலில் குனியும்போது சேகரிடம், "நான் வெளிய சத்தமா பேசிக்கிட்டேதான் இருப்பேன். உள்ள பேசுறது இங்கிட்டு வராது" என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

மற்றவர்களை மண்டபத்தில் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னேன். தாமரை, மொட்டு, மீன், யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கிற துறவிகள். உள்ளேயிருந்து 'ம்' என்று ஒருமுறை ஒலி எழுந்து மண்டபம் அதிர்ந்தது. தர்ஷினி கைதட்டினாள். பிறகு சத்தம் இல்லை. நான் விடாமல் பேசினேன். தொண்டை வறண்டுவிட்டது. எச்சில் விழுங்க ஒரு நொடி நிறுத்தினேன்.

அந்த நொடியில்தான் வந்தது. செல்வி கத்தவில்லை. அந்த அறை அவர் குரலைப் பெரிதாக்கி வெளியே அனுப்பியது.

"விழுந்த பொறவு சொல்லலாம்னு இருந்தீங்களா?"

மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. மேலே பார்த்துக்கொண்டிருந்த வங்கி அதிகாரி அப்படியே மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ இடங்களில் சமாளித்தவள், அந்த இடத்தில் வெறும் ஆளாக நின்றேன்.

"அம்மா ஏன் அப்டிச் சொல்றாங்க?" என்று தர்ஷினி வாசலை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

குமார் அவள் தோளைப் பிடித்தார். காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்த முகத்தில் சிரிப்பு இல்லை. மலையில் தான் கையை நீட்டியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஆனாலும் குரலைச் சரிசெய்துகொண்டார்.

"பாப்பா, மேல பாரு. அந்தா வாத்து இருக்குல்ல? மொத்தம் எத்தனைன்னு எண்ணு."

"அது வாத்து இல்ல மாமா. அன்னம்."

"என்னமோ ஒண்ணு. எண்ணு. மீனையும் எண்ணு." என் பக்கம் திரும்பினார். "என்ன மேடம் நிப்பாட்டிட்டீங்க? சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க."

"ஆமா, அந்தப் பூப்பறிக்கிறவர் கதைய முதல்லேருந்து சொல்லுங்கோ" என்றார் வங்கி அதிகாரியின் மனைவி. நான் ஆரம்பித்தேன். அதிகாரி, அந்தப் பச்சை நிறத்தை எதிலிருந்து எடுத்தார்கள் என்று மலையே கேட்கிற மாதிரி ஒரு சந்தேகம் கேட்டார். பதில் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு எதிலிருந்து என்றார். காவலாளி தன் பங்குக்கு, எப்போதோ ஒரு கூட்டம் வந்ததைப் பற்றி ஒரு கதையை எடுத்துவிட்டார். அந்தத் தாமரைக் குளத்தை அன்றைக்கு எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொன்னதையே திரும்பச் சொன்னேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு ஆர்வமான கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்ல வேளை, எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் வெளியே வந்தார்கள். செல்வியின் முகம் அழுது வீங்கியிருந்தது. அண்ணன் நிற்கிறார், வெளியாட்கள் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் கணவரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"அடுத்த ரெண்டு பேரு வாங்க" என்றார் காவலாளி.

"எங்களுக்கு வேணாம்ங்க, பசிக்கிது" என்றார் குமார். தர்ஷினி இன்னும் அன்னங்களை எண்ணி முடிக்கவில்லை. செல்வி அவளை அழைத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். வங்கித் தம்பதி பின்னாலேயே போனார்கள். அங்கிருந்து கீழே இறங்கும் படிகள் கொஞ்சம் செங்குத்து. சேகர் மேல் படியில் நின்றார். குமார் போய் அவருக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டார். வழக்கம்போலக் கடைசியில் நான்.

"மாப்ள, ஒங்கள வேலைக்கு அனுப்புற ஏஜென்ட்டு நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்" என்றார் குமார், திரும்பிப் பார்க்காமலே. "வெள்ளிக்கிழமை டிக்கெட்டக் கேன்சல் பண்றத நான் பாத்துக்குறேன்."

"வீட்டுல எல்லாரும் கேப்பாங்க மச்சான்."

"நான் சொல்லிக்கிறேன்."

சேகர் மச்சானின் தோளில் கையை வைத்தார். இருவரும் அப்படியே ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.